மூணு நாள் ஆபீஸ், ரெண்டு ராத்திரி ரயில்: கான்ட்ராக்ட் வேலையில நான் போட்ட கணக்கு

போன வாரம் காலேஜ்ல என்கூட படிச்சவ ஒருத்தி போன் பண்ணினா. பதினாலு வருஷமா பெர்மனன்ட் வேலையில இருக்கா, இந்த வருஷமும் சம்பள ஹைக் ஒண்ணும் தேறல, வெறுத்துப்போய் "உன்ன மாதிரி கான்ட்ராக்ட்ல வந்துடலாமான்னு பாக்குறேன்டி, கையில நல்லா வருமாமே"ன்னா. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அவகிட்ட சொன்னத தான் கொஞ்சம் விரிவா எழுதுறேன், நான் உள்ள வரப்ப இதெல்லாம் சொல்ல யாரும் இல்ல, சொல்லியிருந்தாலும் நான் காதுல வாங்கியிருப்பேனான்னு தெரியல.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங். மேனுவல்ல ஆரம்பிச்சு, செலினியம்ங்கற ஆட்டோமேஷன் டூல், இப்ப ஏபிஐ டெஸ்டிங் (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுகூட சரியா பேசுதான்னு பாக்கறது), மொத்தம் 15 வருஷம். வயசு 39. வீடு கும்பகோணம். ஆபீஸ் சென்னை சோழிங்கநல்லூர். கடைசி ரெண்டும் சேந்து இருக்கறது தான் பிரச்சனையே.

2020ல கொரோனா வந்தப்ப மேடவாக்கம் வீட்ட காலி பண்ணிட்டு ஊருக்கு வந்தோம், ரெண்டு மாசத்துல திரும்பிடலாம்னு. அதுக்குள்ள மாமனாருக்கு ஸ்ட்ரோக், எங்க வீட்டுக்காரருக்கு இங்கயே ஒரு ஸ்கூல்ல வேலை, பொண்ணையும் இங்கயே சேத்தாச்சு, அப்படியே தங்கிட்டோம். 2022ல மார்க்கெட் இருந்த இருப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நௌக்ரிங்கற வேலை தேடற சைட்டுல ரெஸ்யூமேல ஒரு கமாவ மாத்தினா கூட பத்து போன் வரும். அப்ப தான் ஒரு சி2ஹெச் ஆஃபர். அதாவது ஆறு மாசம் கான்ட்ராக்ட், அப்புறம் கிளையன்ட் கம்பெனியே எடுத்துக்கும்னு பேச்சு. முழுக்க வீட்லேர்ந்து வேலை, கையில 1,32,000. வாங்கிட்டிருந்ததுக்கு ஒன்றரை மடங்கு. யோசிக்கவே இல்ல, ராஜினாமா பேப்பர் போட்டுட்டேன்.

அந்த "அப்புறம்" வரவே இல்ல. ஆறு மாசம் முடிஞ்சப்ப எக்ஸ்டென்ஷன், திரும்ப எக்ஸ்டென்ஷன், நடுவுல ஒரு தடவ பேரோல் கம்பெனி வேற மாத்திட்டாங்க. வேலை அதே வேலை, மேனேஜர் அதே மேனேஜர், சம்பள சீட்டுல மட்டும் கம்பெனி பேரு புதுசு. அப்ப எனக்கு அது ஒரு விஷயமாவே படல. இங்க தான் முதல் பாடம்: கான்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கு முதலாளி ஒருத்தர் இல்ல, குறஞ்சது மூணு பேர். வேலை வாங்கறது கிளையன்ட். கிளையன்ட் கூட ஒப்பந்தம் போட்டிருக்கறது பெரிய வெண்டர், அதாவது ஆள் சப்ளை பண்ற கம்பெனி. நமக்கு ஆஃபர் லெட்டர் குடுத்து சம்பளம் போடறது அந்த வெண்டருக்கு கீழ இருக்கற சின்ன வெண்டர். ஏதாவது ஒண்ணு கேட்டா கிளையன்ட் "உங்க எம்ப்ளாயர கேளுங்க"ம்பான், சின்ன வெண்டர் "கிளையன்ட் அப்ரூவ் பண்ணணும் மேம்"ம்பான், பெரிய வெண்டர் நம்ம மெயிலுக்கு பதிலே போட மாட்டான். கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே எது யார் கையில இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். சம்பளம் யார் கையில, லீவு யார் கையில, ஆபீஸ் வரணுமா வேணாமா அது யார் கையில. நான் இதெல்லாம் தெரிஞ்சுக்க ரெண்டு வருஷம் ஆச்சு.

2024 டிசம்பர்ல ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். பொண்ணுக்கு டிராயிங் கிளாஸ் நேரம். சின்ன வெண்டர்கிட்டேர்ந்து நாலு வரி மெயில், "பிஓ எக்ஸ்டென்ட் ஆகல, 31ம் தேதி கடைசி நாள், லேப்டாப்ப கூரியர்ல அனுப்பிடுங்க". பிஓன்னா பர்ச்சேஸ் ஆர்டர். நம்மள வாங்கற ரசீது மாதிரி தான். அன்னிக்கு மத்தியானம் கூட கிளையன்ட் மேனேஜர் ஜனவரி ரிலீஸுக்கு டெஸ்ட் பிளான் கேட்டாரு. அவருக்கும் தெரியாதாம், அப்படி தான் சொன்னாரு. நான் வேலைய விட்டா 60 நாள் நோட்டீஸ் குடுக்கணும்னு என் ஆஃபர் லெட்டர்ல இருந்துச்சு, அவங்க என்னை விட்டா "கிளையன்ட் முடிவுப்படி"ன்னு ஒரே வரி. அந்த வரிய 2022ல படிச்சேன், படிச்சுட்டு தான் கையெழுத்து போட்டேன், அத தான் தாங்க முடியல.

அதுக்கப்புறம் ஏழு மாசம்.

முதல் மாசம் தெம்பா தான் இருந்தேன். நௌக்ரில தினம் காலையில ப்ரொஃபைல அப்டேட் பண்றது, லிங்க்ட்இன்ல தெரிஞ்சவங்களுக்கெல்லாம் மெசேஜ். போனும் வரும், நொய்டாலேர்ந்து, ஹைதராபாத்லேர்ந்து, "மேம், கரன்ட் சிடிசி? எக்ஸ்பெக்டட்? நோட்டீஸ் பீரியட்?" (சிடிசின்னா வருஷத்துக்கு மொத்த சம்பளம்) மூணு கேள்வி, அனுப்புறோம்னுடுவாங்க, அதோட சரி. மூணாவது வாரம் ஒருத்தர் பாவம் உண்மைய சொன்னாரு: "மேம், உங்க ப்ரொஃபைல் அந்த கிளையன்ட் சிஸ்டத்துல ஏற்கனவே இருக்கு, நாலு வெண்டர் போட்டிருக்காங்க, டூப்ளிகேட்னு தூக்கிடுவாங்க." ஒரே வேலைக்கு நாலு ரெக்ரூட்டர் கூப்ட்டிருக்காங்க, ஒவ்வொருத்தரும் கம்பெனி பேர சொல்லாம "ஒரு பெரிய பேங்கிங் கிளையன்ட்"னு சொன்னதால நானும் நாலு பேருக்கும் சரின்னு சொல்லியிருக்கேன். எந்த வெண்டருக்கு என் கமிஷன்னு சண்டை வரும்னு கிளையன்ட் ஆளையே வேணாம்னு வச்சுடறாங்க.

அன்னிக்கு பொண்ணோட பழைய ரஃப் நோட்ட எடுத்து கோடு போட்டேன். தேதி, வெண்டர் பேரு, போன் நம்பர், கிளையன்ட் யாரு, எந்த ஊரு, என்ன ரேட் சொன்னேன். கிளையன்ட் பேர சொல்லாம ரெஸ்யூமே கேட்டா அனுப்ப மாட்டேன். சொன்னா, "இந்த கிளையன்ட்டுக்கு, இந்த ரோலுக்கு, நீங்க அனுப்ப எனக்கு சம்மதம்"னு ஒரு மெயில், அவ்ளோ தான். மூணு நாள்ல பதில் இல்லன்னா நோட்ல சிவப்பு பேனால ஒரு கோடு. வேலை தேடறவங்களுக்கு நான் சொல்ற ஒரே உருப்படியான விஷயம் இந்த நோட்டு தான். ரேட்டையும் எழுதி வைங்க, ஒருத்தன்கிட்ட ஒண்ணு இன்னொருத்தன்கிட்ட ஒண்ணு சொல்லி ரெண்டு பேரும் ஒரே மேனேஜர்கிட்ட போய் நின்னா அசிங்கமா போயிடும், எனக்கு போயிருக்கு.

இன்னொரு மாற்றமும் அப்ப தான் கவனிச்சேன். ஆன்லைன் இன்டர்வியூல ஏஐ டூல வச்சு பதில் சொல்றது, வேற ஆள உக்கார வைக்கறதுன்னு நடந்து நடந்து, நிறைய கம்பெனி ஒரு ரவுண்டாவது நேர்ல வரணும்னு மாத்திட்டாங்க. ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை பெருங்குடில வாக்-இன் இன்டர்வியூ. ராத்திரி பஸ் ஏறி கிளாம்பாக்கத்துல இறங்கி, அங்க பாத்ரூம்லயே முகம் கழுவி புடவை மாத்திட்டு எட்டரைக்கு போய் நின்னா எனக்கு டோக்கன் 214. முன்னாடி நின்ன பையன் 2024ல படிச்சு முடிச்சவன், பின்னாடி நின்னவரு என்னை விட சீனியர், 18 வருஷம், டை கட்டிட்டு வந்திருந்தாரு, அந்த வெயில்ல. மத்தியானம் ரெண்டு மணிக்கு, "ஆட்டோமேஷன் ரோல் முடிஞ்சுடுச்சு, பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் இருக்கறவங்க மட்டும் இருங்க"ன்னு மைக்ல சொன்னாங்க. டை கட்டினவரு டைய அவுத்து மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டாரு. ரெண்டு பேரும் எதிர்க்க இருந்த கடையில லெமன் ஜூஸ் குடிச்சோம், பேர் கூட கேட்டுக்கல.

கையில நாலு மாசத்துக்கு பணம் வச்சிருந்தேன். அஞ்சாவது மாசம் வளையல் ரெண்டு பேங்க்ல அடகுக்கு போச்சு. அத்தைக்கு தெரியாம எடுத்துட்டு போனேன்னு நெனச்சேன், மறுநாள் காபி குடுக்கறப்ப, "ரசீத பத்திரமா வைம்மா"ன்னாங்க. அதோட அந்த பேச்சு முடிஞ்சுது.

இந்த காலத்துல நான் பண்ணின பெரிய தப்பு ஒண்ணு சொல்றேன். மே மாசம் கோயம்புத்தூர்ல ஒரு சின்ன கம்பெனி, பெர்மனன்ட், முழுக்க வீட்லேர்ந்து வேலை, கையில 72,000 தரேன்னாங்க. 1,32,000 வாங்கினவ 72க்கு போறதான்னு வேணாம்னுட்டேன். எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்த, "யோசிச்சியா"ன்னாரு. யோசிச்சேன்னு பொய் சொன்னேன். ஜூலை கடைசியில டிசிஎஸ் 2 சதவீதம் பேர், சுமார் 12,000 பேர வேலைய விட்டு தூக்கப்போறதா செய்தி வந்தப்ப தான் வயித்துல புளி கரைச்சுது. அவங்கெல்லாம் பெரும்பாலும் என் மாதிரி நடு வயசு, நடு அனுபவம். அத்தனை பேரும் இதே நௌக்ரிக்கு தான வரணும். அந்த வாரமே கைக்கு வந்த அடுத்த ஆஃபருக்கு சரின்னுட்டேன்: கான்ட்ராக்ட், ஆறு மாசம், கையில 96,000, சோழிங்கநல்லூர், "ஹைபிரிட் மேம், ரொம்ப ஃப்ளெக்ஸிபிள்". ஹைபிரிட்னா கொஞ்ச நாள் ஆபீஸ், மிச்ச நாள் வீடு.

ஃப்ளெக்ஸிபிள்னா என்னன்னு ஆஃபர் லெட்டர்ல தேடினேன், வேலை செய்யற இடம் சென்னைன்னு மட்டும் இருந்துச்சு. ஹைபிரிட்ங்கற வார்த்தையே இல்ல. கேட்டதுக்கு, "அது கிளையன்ட் பாலிசி மேம், லெட்டர்ல வராது"ன்னாங்க. சரி லெட்டர்ல வேணாம், வாரத்துக்கு எத்தனை நாள், எந்தெந்த நாள், கிளையன்ட் மேனேஜர் சொன்னத ஒரு மெயில்ல எனக்கு போடுங்கன்னு விடாம நின்னேன். ரெண்டு நாள் கழிச்சு மெயில் வந்துச்சு, செவ்வாய், புதன், வியாழன். அந்த ஒரு மெயில் பின்னாடி எனக்கு எவ்ளோ கை குடுத்துச்சுன்னு சொல்றேன்.

சேந்தப்ப பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல, அதாவது பழைய வேலை விவரத்த சரிபாக்கறப்ப, மாட்டினேன். ரெண்டாவது பேரோல் கம்பெனி பிஎஃப்ல நான் விலகின தேதியே போடல, அதனால நான் இன்னும் அங்க வேலை பாக்கற மாதிரி காட்டுது, ரெண்டு இடத்துல வேலையான்னு கேள்வி. போன் பண்ணினா எச்ஆரே மாறிட்டாங்க. அப்புறம் தான் தெரிஞ்சுது, கடைசியா பிஎஃப் கட்டின மாசத்துலேர்ந்து ரெண்டு மாசம் தாண்டிட்டா நாமளே யுஏஎன் (நம்ம பிஎஃப் நம்பர்) போர்ட்டல்ல விலகின தேதிய போட்டுக்கலாம், ஆதார் ஓடிபி தான், அஞ்சு நிமிஷ வேலை. கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க ஒவ்வொரு தடவ பேரோல் மாறினப்பவும் இத பாத்துடுங்க, பழைய பிஎஃப்ப புதுசுக்கு மாத்தறதையும் அப்பவே பண்ணிடுங்க. கிராஜுவிட்டியும் (வேலைய விடறப்ப கம்பெனி தர்ற தொகை) அப்படி தான், அஞ்சு வருஷ கணக்கு பேரோல் மாறினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்னு எனக்கு யாரும் சொல்லல. 2025 நவம்பர் 21லேர்ந்து புது லேபர் கோடு அமலுக்கு வந்திருக்கு, அதுல ஃபிக்ஸட் டெர்ம், அதாவது இத்தனை காலத்துக்குன்னு கம்பெனியே நேரடியா எடுத்த, ஆளுங்களுக்கு ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி உண்டு, ஆனா உங்க லெட்டர்ல நீங்க ஃபிக்ஸட் டெர்ம்னு இருக்கா, இல்ல வேற ஏதாவது பேர் போட்டிருக்கான்னு பாத்துக்கங்க.

மெடிக்கல் இன்ஷூரன்ஸும் ஒரு வரி. கம்பெனி கவர் வேலை முடியற அன்னிக்கே போயிடும். எனக்கு கவர் இல்லாத ஏழு மாசத்துல தான் பொண்ணுக்கு டெங்கு வந்துச்சு. இப்ப குடும்பத்துக்கு தனியா பாலிசி எடுத்திருக்கேன், மாசம் 2,400 கணக்கு ஆகுது, 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லங்கறது ஒரு சின்ன ஆறுதல்.

இனி பயணம். திங்கக்கிழமை ராத்திரி பொண்ண தூங்க வச்சுட்டு உழவன் எக்ஸ்பிரஸ். மாயவரம், சிதம்பரம், கடலூர், விழுப்புரம்னு போய் விடியறதுக்கு முன்னாடியே தாம்பரம் வந்துடும். தூங்கினேன்னு சொல்ல முடியாது, தாம்பரம் தாண்டி எழும்பூர் போயிடுவோமோன்னு செங்கல்பட்டுலேர்ந்தே கண்ணு முழிச்சுக்கும். இறங்கினதும் வெளிய ஓட மாட்டேன். லேடீஸ் வெயிட்டிங் ரூம்ல உக்காந்து வெளிச்சம் வந்ததும் கிழக்கு பக்கமா வந்து, மேடவாக்கம் வழியா சோழிங்கநல்லூர் போற பஸ். சாதாரண கட்டண பஸ்ஸா பாத்து ஏறினா பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, 2021லேர்ந்து. ஆட்டோக்காரர் 450 கேக்கற தூரம். அஞ்சரை மணிக்கு அந்த பஸ் முக்கா மணி நேரத்துல போயிடும், அதே பஸ்ல எட்டரைக்கு ஏறினா ஒன்னே முக்கா மணி. சோழிங்கநல்லூர் சிக்னல்ல மாதவரம்-சிறுசேரி லைனும் மாதவரம்-சோழிங்கநல்லூர் லைனும் ரெண்டு மெட்ரோவும் வந்து சேரப்போகுது, அது முடியற வரைக்கும் அந்த பேரிகேட் தகரத்த பாத்துக்கிட்டே நிக்க வேண்டியது தான்.

டிக்கெட்டு தான் பெரிய வேலை. ரயில் முன்பதிவு 120 நாள் முன்னாடி திறந்துட்டிருந்தத 2024 நவம்பர்லேர்ந்து 60 நாளா குறைச்சுட்டாங்க. கணக்கு போட்டு பாத்தா திங்கக்கிழமை ரயிலுக்கு வியாழக்கிழமை காலையில புக்கிங் திறக்கும், வியாழக்கிழமை திரும்பற ரயிலுக்கு ஞாயித்துக்கிழமை காலையில. எட்டு மணிக்கு ரெண்டு அலாரம் வச்சிருக்கேன். முதல் 15 நிமிஷம் ஆதார் சரிபாத்த கணக்குக்கு மட்டும்னு 2025 அக்டோபர்ல கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் லோயர் பெர்த் கிடைக்கறது கொஞ்சம் பரவால்ல. சேந்த முதல் ரெண்டு மாசம் தான் நரகம், முன்பதிவு எதுவும் கையில இல்ல, வெயிட்டிங் லிஸ்ட், இல்லன்னா கவர்மென்ட் பஸ்ல உக்காந்துக்கிட்டே, இடுப்பு விட்டுப்போச்சு. வெளியூர்லேர்ந்து ஹைபிரிட்ல சேர்றவங்க ஜாயினிங் தேதி தெரியறதுக்கு முன்னாடியே குத்துமதிப்பா டிக்கெட்ட போட்டு வைங்க, கேன்சல் காசு போனா போகட்டும்.

செவ்வாய், புதன் ராத்திரி லேடீஸ் ஹாஸ்டல். மாச வாடகைக்கு தான் குடுப்போம்னாங்க, நாலு ஹாஸ்டல் ஏறி இறங்கி அஞ்சாவதுல ஒரு அக்கா ராத்திரிக்கு 500ன்னு ஒத்துக்கிட்டாங்க, எந்த கட்டில் காலியோ அதுல படுக்கணும். பெட்ஷீட், தலகாணி உறை, பக்கெட்டு ஒண்ணு அவங்க ஸ்டோர் ரூம்ல வச்சுட்டு வருவேன். கூட இருக்கறதெல்லாம் 22, 23 வயசு. முதல் வாரம் அக்கான்னாங்க, இப்ப ஆன்ட்டி ஆயிட்டேன். அதுல ஒரு பொண்ணு கேம்பஸ்ல செலக்ட் ஆகி பத்து மாசமா ஜாயினிங் தேதிக்கு காத்திருந்துட்டு, இப்ப என்னை மாதிரியே ஒரு சின்ன வெண்டர்ல கான்ட்ராக்ட்ல சேந்திருக்கா. முதல் வேலையே இப்படி. அவளுக்கு யுஏஎன்னா என்னன்னு நான் தான் சொல்லிக் குடுத்தேன்.

செலவு: ரயில் போக வர 500, ஹாஸ்டல் 1,000, சாப்பாடு 600 (முதல் நாளைக்கு மட்டும் வீட்லேர்ந்து இட்லியும் புளிசாதமும்), ஆட்டோ அது இதுன்னு 200. வாரம் 2,300, மாசத்துக்கு கிட்டத்தட்ட 10,000. ஆக 96 இல்ல, 86. கான்ட்ராக்ட் வேலையில வருஷத்துக்கு ரெண்டு மாசமாவது சும்மா இருக்க நேரும்னு வச்சுக்கிட்டா பன்னெண்டு மாச வாழ்க்கைக்கு பத்து மாச சம்பளம், அதாவது மாசம் சுமார் 71,700. இன்ஷூரன்ஸ கழிச்சா 69 ஆயிரத்து சொச்சம். கோயம்புத்தூர்காரங்க தரேன்னது 72. ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலம் தாம்பரம் வெயிட்டிங் ரூம்ல உக்காந்து ரயில் டிக்கெட்டு பின்னாடி இந்த கணக்க போட்டேன். ரெண்டு தடவ போட்டேன், தப்பா இருக்கும்னு. வாரத்துக்கு இருபது மணி நேரம் ரோட்லயும் ரயில்லயும் போறத அதுல சேக்கவே இல்ல. தோழிகிட்டயும் இத தான் சொன்னேன், கையில எவ்ளோன்னு அவன் சொல்றத அப்படியே நம்பாத, வழிச்செலவ கழிச்சு, பத்தால பெருக்கி பன்னெண்டால வகுத்து, அப்புறம் உன் பெர்மனன்ட் சம்பளத்த பக்கத்துல வை.

ஆபீஸ்ல பாகுபாடுன்னு பெருசா யாரும் காட்ட மாட்டாங்க, ஆனா கழுத்துல தொங்கற ஐடி கார்டு கயிறு பெர்மனன்ட் ஆளுங்களுக்கு நீலம். எங்களது பச்சை. நீலக்கயிறுக்கு தாம்பரத்துலேர்ந்து கம்பெனி பஸ் உண்டு, எங்களுக்கு இல்ல. டிசம்பர் கடைசி வாரம் கிளையன்ட் ஷட்டவுன், அவங்களுக்கு லீவு, எங்களுக்கு பில்லிங் இல்ல, அதாவது எங்க நேரத்துக்கு கிளையன்ட் காசு குடுக்க மாட்டாங்க, பில்லிங் இல்லன்னா சம்பளம் இல்ல. இத யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க, நீங்களா கேக்கணும்: ஷட்டவுன் எத்தனை நாள், அதுக்கு காசு உண்டா. டைம்ஷீட்ட (எத்தனை மணி நேரம் வேலை பாத்தோம்ங்கற கணக்கு) வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள போடலன்னாலும் அந்த மாச பணம் தள்ளிப்போகும்.

2025 டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை. டிட்வா புயல் வலு குறைஞ்சு சென்னைக்கிட்டயே நின்னு ஊத்திக்கிட்டிருந்த வாரம். திங்கக்கிழமை சாயங்காலம் நாளைக்கு வீட்லேர்ந்து வேலை பாக்கலாமான்னு டீம்ஸ் சாட்ல கேட்டேன், "இதுவரைக்கும் அறிவிப்பு எதுவும் இல்ல"ன்னு பதில். கிளம்பிட்டேன். பெரும்பாக்கம் பக்கம் பஸ் படி வரைக்கும் தண்ணி, கடைசி ஒன்றரை கிலோமீட்டர் நடை, லேப்டாப்ப ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி நெஞ்சோட கட்டிக்கிட்டு. ஏழே முக்காலுக்கு ஆபீஸ் வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் குடைய சாய்ச்சு புடிச்சு நின்னாரு, "என்னம்மா, இன்னிக்கு யாரும் வரலயே, எல்லாருக்கும் மெசேஜ் வந்துடுச்சாமே"ன்னாரு. மெசேஜ் ஏழு மணிக்கு வந்திருக்கு, நீலக்கயிறு மெயில் குரூப்புக்கு. பச்சைக்கயிறு அந்த குரூப்புலயே இல்ல. அவரு தான் தன்னோட பிளாஸ்க்லேர்ந்து ஒரு டம்ளர் டீ ஊத்தி குடுத்தாரு. அவரும் கான்ட்ராக்ட் தான், வேற ஏஜென்சி.

அதுக்கப்புறம் நான் பண்ணின முதல் காரியம் அந்த மெயில் குரூப்புல என்னை சேக்க சொன்னது. ஒன்பது நாள் ஆச்சு, ஐடி சப்போர்ட்ல டிக்கெட், அதாவது கோரிக்கை, ரெய்ஸ் பண்ணி. சேந்த முதல் நாளே இத பாத்துடுங்க.

ஜனவரில பொங்கல் வியாழக்கிழமை வந்துச்சு. அந்த வாரம் ரெண்டு நாள் தான் ஆபீஸ் வாசல்ல கார்டு ஸ்வைப், வருகை டாஷ்போர்டுல என் பேரு சிவப்பு, "இணங்கவில்லை"ங்கற தோரணையில ஒரு மெயில், வேற நாள் வந்து ஈடு கட்டுங்கன்னு. இங்க தான் அந்த பழைய மெயில் கை குடுத்துச்சு. செவ்வாய், புதன், வியாழன்னு நாள் பேரோட நீங்க தான் எழுதியிருக்கீங்க, அந்த நாள் அரசு விடுமுறைன்னா நான் திங்கக்கிழமை கும்பகோணத்துலேர்ந்து வந்து ஈடு கட்டறது அதுல இல்லையேன்னு அந்த மெயிலையே இணைச்சு அனுப்பினேன். மேனேஜர் நல்ல மனுஷன், சரின்னுட்டாரு. "வாரத்துக்கு மூணு நாள்"னு மட்டும் இருந்திருந்தா நான் மாட்டியிருப்பேன்.

அதே மாசம் தான் எக்ஸ்டென்ஷன் பேச்சு. அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி ஒரு கால்ல மேனேஜர் ஸ்கிரீன் ஷேர் பண்றப்ப தப்பான எக்செல் திறந்துடுச்சு. பேரு, வெண்டர், ஒரு மணி நேர ரேட். மூணு செகண்ட் இருக்கும், மூடிட்டாரு. என் வரி அஞ்சாவது. எனக்கு கண்ணு நல்லா தெரியும். மாசத்துக்கு பெருக்கினா எனக்காக கிளையன்ட் குடுக்கறது நான் வாங்கறதுக்கு ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் தான் கம்மி. பிஎஃப், வரி, வெண்டர் ரெண்டு பேரோட பங்கு எல்லாம் அதுக்குள்ள தான், முழுக்க கொள்ளைன்னு சொல்ல வரல, ஆனா "பட்ஜெட்டே இல்ல மேம்"ங்கறத இனிமே அப்படியே நம்ப வேண்டாம்னு தெரிஞ்சுது.

அந்த எக்செல பாத்ததா நான் யார்கிட்டயும் மூச்சு விடல. சின்ன வெண்டர் அக்கவுன்ட் மேனேஜர் கூப்ட்டப்ப, "அதே ரேட்ல எக்ஸ்டென்ட் பண்ணிடலாமா மேம்"னாரு. 12 சதவீதம் கேட்டேன். முடியவே முடியாதுன்னாரு. சரி, ரேட்ட விடுங்க, மாசம் ஹாஸ்டல் செலவு 4,000 தனியா குடுங்கன்னேன். ரெண்டு நாள் இழுத்துட்டு ஒத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு ரேட் மாத்தறது மேல போய் வர வேண்டிய விஷயம், இந்த மாதிரி சின்ன தொகை அவங்க பங்குக்குள்ளயே முடியற விஷயம், அதனால கேக்கறத அவங்க தனியா முடிவு பண்ணக்கூடிய ஒண்ணா பாத்து கேக்கணும். இன்னொண்ணு, நான் இந்த பேச்ச 45 நாள் முன்னாடியே ஆரம்பிச்சேன், மேனேஜர்கிட்ட, பிஓ ரெய்ஸ் பண்ணிட்டீங்களான்னு வாராவாரம், சிரிச்சுக்கிட்டே தான். போன தடவ வெக்கப்பட்டு கேக்காம இருந்தேன்.

எக்ஸ்டென்ஷன் வந்துச்சு, ரெண்டே மாசத்துக்கு, மார்ச் 31 வரைக்கும். நோட்ட திரும்ப எடுத்துட்டேன். வேலை இருக்கறப்பவே வாரத்துக்கு ரெண்டு ரெக்ரூட்டர்கிட்டயாவது பேசறேன். நம்ம ஊர் பக்கமும் பாக்கறேன், தஞ்சாவூர்ல 2024 செப்டம்பர்ல மினி டைடல் பார்க்னு ஐடி கம்பெனிகளுக்கான கட்டடம் திறந்திருக்காங்க, அரசு பஸ்ல ஒரு மணி நேரம், ஒரு தடவ போய் ரெஸ்யூமே குடுத்துட்டு வந்தேன், அங்க அப்ப எடுத்ததெல்லாம் ரெண்டு மூணு வருஷ அனுபவத்துக்கு. கோயம்புத்தூர் கம்பெனிக்கும் மெயில் போட்டிருக்கேன், வெக்கத்த விட்டு. அவங்க பதில் போட்டாங்க, இப்ப ஆள் எடுக்கல, வந்தா சொல்றோம்னு.

பொண்ணு போன ஞாயித்துக்கிழமை காலண்டர்ல செவ்வாய், புதன், வியாழன் எல்லாத்துக்கும் ஒரு சின்ன ரயில் படம் போட்டு வச்சிருக்கா. மார்ச்சோட நிறுத்தியிருந்தா. ஏன்டின்னதுக்கு, "நீ தானம்மா மார்ச் வரைக்கும்னு போன்ல சொன்ன"ன்னா.

இன்னிக்கு வியாழக்கிழமை. காலையில எட்டு மணிக்கு ஹாஸ்டல் கட்டில்ல உக்காந்து ஏப்ரல் 6, திங்கக்கிழமை உழவனுக்கு டிக்கெட் போட்டேன், லோயர் பெர்த், எஸ்4. தேவைப்படலன்னா கேன்சல் பண்ண 120 ரூபா.